பார்ட்னர் பட்டியலும் ஒரு ராங் நம்பரும்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். சரி, ரெண்டு மாசமா எந்த ஆணியைப் புடுங்கினேனோ அதைப் பத்தியே ஒரு பதிவு போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் டெக்னிக்கல் வாடை அடிக்கும். ஆனா கடலூர் சிப்காட் வாடையையே தினம் ரெண்டு தடவை தாங்குறவன் நான், நீங்க இதைத் தாங்க மாட்டீங்களா :-)

தெரியாதவங்களுக்கு: வீடு சிதம்பரம், வேலை கடலூர் மஞ்சக்குப்பம். தினமும் 45 கிலோமீட்டர் போக, 45 வர. கடைகளுக்கு பில்லிங், கணக்கு சாஃப்ட்வேர் செய்து விக்கிற ஒரு சின்ன கம்பெனி. ஆரம்பத்துல நாங்களே கடை கடையா ஏறி விப்போம். இப்ப விழுப்புரத்திலேர்ந்து நாகப்பட்டினம் வரைக்கும் 41 பேர் எங்களுக்காக விக்கிறாங்க. இவங்களைத்தான் 'பார்ட்னர்'னு சொல்றோம். எங்க சம்பளத்துல இருக்கிறவங்க இல்லை. அவங்களே சொந்தமா கம்ப்யூட்டர் கடையோ, டேட்டா என்ட்ரி சென்டரோ வச்சிருப்பாங்க. எங்க சாஃப்ட்வேரை வித்து, போட்டுக் கொடுத்து, சந்தேகம் வந்தா ஓடிப் போய்ப் பார்ப்பாங்க.

எந்த ஊர்ல எந்த பார்ட்னர் இருக்கார்னு கடைக்காரர் தேடிக் கண்டுபிடிக்க வெப்சைட்டுல ஒரு பக்கம் இருக்கும். அதுதான் பார்ட்னர் டைரக்டரி. டாலி, ஜோஹோ மாதிரி பெரிய கம்பெனிகள் எல்லாருமே இப்படி ஒரு பக்கம் வச்சிருக்காங்க. டாலி 1986-ல ஆரம்பிச்ச பெங்களூர்க் கம்பெனி. அது சின்ன டவுன் வரைக்கும் வந்து சேர்ந்தது லோக்கல் ஆளுங்க வழியாத்தான். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தப்ப நம்ம ஊர்க் கடைக்காரங்க பெங்களூருக்கா போன் போட்டாங்க? பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த பையனைத்தான் கூப்பிட்டாங்க. நாங்களும் அதே வழியிலதான் வளர்றோம். ஆக இந்தப் பக்கம் சரியா இருக்கணுங்கிறது கம்பெனிக்கு உயிர்நாடியான விஷயம்.

எங்க பக்கம் எவ்ளோ சரியா இருந்ததுன்னு இப்ப சொல்றேன்.

ஒரு மாசம் 21-ம் தேதி. காலைல ஆபீஸ் வாசல்ல ஒரு பெரியவர். கையில சாக்குப்பை. பையைப் பிரிச்சா உள்ள கம்ப்யூட்டர் பெட்டி! சிதம்பரத்துல இரும்புக்கடை வச்சிருக்கிறவர். 18-ம் தேதி டேட்டா ஃபைல் கெட்டுப் போச்சு. 20-ம் தேதிக்குள்ள ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடணும்.

"தம்பி, உங்க வெப்சைட்டுல சிதம்பரத்துக்குன்னு போட்டிருந்த நம்பருக்குத்தான் ரெண்டு நாளா அடிச்சேன். யாரோ ஒரு அம்மா எடுத்து ராங் நம்பருன்னு சொல்லிச்சு. மூணாவது தடவை திட்டிடுச்சு. அதான் பெட்டியைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்."

சாயங்காலத்துக்குள்ள டேட்டாவை மீட்டுக் கொடுத்துட்டோம். 22-ம் தேதி ரிட்டர்ன் போட்டார். ஒரு நாளைக்கு 50 ரூபாய்னு ரெண்டு நாளுக்கு 100 ரூபாய் லேட் ஃபீஸ், வரித்தொகைக்கு வருஷம் 18 சதவீதக் கணக்குல ரெண்டு நாள் வட்டி. காசு பெரிசில்லை. அறுபது வயசுக்காரர் கடையைப் பூட்டிட்டு, மடியில பெட்டியோட பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்னு குலுங்கிக்கிட்டே வந்திருக்கார். அதுதான் எனக்கு ஆறலை.

பட்டியல்ல இருந்த அந்த சிதம்பரம் பார்ட்னர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தொழிலை விட்டுட்டு துபாய் போயிட்டார். அவர் நம்பர் வேற யாருக்கோ போயிடுச்சு. அவருக்குப் பதிலா ஒரு பையன் எங்ககிட்ட சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது. நல்லா வேலை செய்றவன். அவன் ஆபீஸுக்கும் பெரியவர் கடைக்கும் நடுவுல ரெண்டே தெரு! அவனை பட்டியல்ல ஏத்த யாருக்கும் தோணலை. எனக்கும்தான். தினமும் அவன் ஆபீஸைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்கிறேன். வெட்கமா இருந்தது.

ஓனர் கிட்ட சொன்னேன். "புதுசா நல்ல டைரக்டரி சாஃப்ட்வேர் ஒண்ணு பாருப்பா, வாங்கிடலாம்"னார். அங்கதான் என் ரெண்டு மாச ஆணி ஆரம்பம்.

சந்தையில என்ன இருக்குன்னு பார்த்ததுல மூணு வகை.

ஒண்ணு, முழு பார்ட்னர் மேலாண்மை சாஃப்ட்வேர். இம்பார்ட்னர், பார்ட்னர்ஸ்டாக் மாதிரி. பார்ட்னரைச் சேர்க்கிறது, பயிற்சி, யார் எந்த வாடிக்கையாளரைக் கொண்டு வந்தாங்கங்கிற பதிவு, கமிஷன் கணக்கு எல்லாம் அதுல அடக்கம். டைரக்டரிங்கிறது அதுல ஒரு மூலை.

ரெண்டு, வேர்ட்பிரஸ்ல சைட்டு வச்சுக்கிட்டு, ஜியோடைரக்டரி மாதிரி ஒரு ப்ளக்-இன் போட்டுக்கிறது. செலவு கம்மி. ஆனா அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் நம்ம தலையில.

மூணு, ஒரு ஷீட். கூகிள் ஷீட்டோ, ஏர்டேபிளோ, ஜோஹோ கிரியேட்டரோ வச்சு 41 வரி போட்டு, அதிலேர்ந்து சைட்டுல ஒரு பக்கமா காட்டுறது. 

ஒவ்வொண்ணுக்கும் டெமோ பார்த்தேன். எல்லா டெமோவும் அழகா இருந்தது. லோகோ வட்டமா, நட்சத்திரம் அஞ்சு, மேப்புல பலூன். டெமோவுல வர்ற ஊர் எல்லாமே நியூயார்க், லண்டன், பெங்களூர். நமக்கு வேண்டியது திருப்பாப்புலியூர் ஆச்சே? அதனால நானே ஒரு பரீட்சை வச்சேன். நாலு ஊர்ப் பேர். (எது பாஸ், எது ஃபெயில்னு பேர் சொல்லப் போறதில்லை. நான் தட்டிப் பார்க்கத் தெரியாமக்கூட தட்டியிருக்கலாம்.)

முதல் பேர், திருப்பாப்புலியூர். கடலூர் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற இடம். ரயில்வே போர்டுல திருப்பாதிரிப்புலியூர். வாய்ல திருப்பாப்புலியூர். இங்கிலீஷ்ல ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், ஓ.டி.ங்கிற முதுநகர்னு தனித்தனிப் பேரு. தேடுறவர் இதுல எதை வேணா அடிப்பார். ஒரே ஊருக்குப் பல பேரு வச்சுக்க விடுற சாஃப்ட்வேர் ஒண்ணுதான் தேறுச்சு. இன்னொண்ணுல இங்கிலீஷ்ல அடிச்சா கடலூர் வருது, தமிழ்ல அடிச்சா "முடிவுகள் இல்லை". எழுத்து கொஞ்சம் தப்பினா பக்கத்துப் பேரைக் காட்டுற ஒண்ணு நேரா நீலகிரி கூடலூருக்குக் கூட்டிட்டுப் போச்சு. மலையேற்றம் இலவசம்!

ரெண்டாவது, பாகூர். கடலூருக்கு ஒட்டினாப்ல இருக்கு. ஆனா அது புதுச்சேரி. பாதி சாஃப்ட்வேருக்கு மேல முதல் கேள்வியே "மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கவும்". பாகூர்க்காரர் புதுச்சேரின்னு தேர்ந்தெடுத்தா கடலூர்ல இருக்கிற எங்க ஆள் கண்ணுலயே பட மாட்டார். அதே நேரம் 100 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற காரைக்கால் பார்ட்னர் ஜம்முனு வந்து நிப்பார். ஏன்னா காரைக்காலும் புதுச்சேரிதானே!

மூணாவது, சீர்காழி. சிதம்பரத்துலேர்ந்து 20 கிலோமீட்டர்தான். கொள்ளிடம் பாலம் தாண்டினா வந்துடும். ஆனா மாவட்டம் வேற. 2020 வரைக்கும் நாகப்பட்டினம், அப்புறம் மயிலாடுதுறை. எங்க பழைய பட்டியல்ல இன்னும் நாகப்பட்டினம்னே இருந்தது. சீர்காழிக்காரருக்கு நாகப்பட்டினம் பார்ட்னரைக் காட்டிட்டு, பக்கத்துல இருக்கிற சிதம்பரம் பையனை மறைச்சு வச்சிருந்தோம்.

அப்ப மாநிலம், மாவட்டம் எல்லாம் வேண்டாம், தூரத்தை வச்சுத் தேடினா போதுமேன்னு கேப்பீங்க. அதுவும் பார்த்தேன். பெரும்பாலும் இவங்க போடுற தூரம் காக்கா பறக்கிற தூரம். மேப்புல நேர்கோடு. நாலாவது பேரா காட்டுமன்னார்கோயில் போட்டேன். கொள்ளிடத்துக்கு அந்தக் கரை ஆள் ரொம்பக் கிட்டக்க இருக்கிற மாதிரி காட்டுது. காக்கா பறந்துடும். டி.வி.எஸ். ஃபிஃப்டில வர்ற மனுஷன் பாலம் இருக்கிற இடத்துக்குச் சுத்தித்தான் வரணும். அதனால ஒவ்வொரு பார்ட்னரும் "நான் இந்த இந்த ஊருக்கெல்லாம் போவேன்"னு தானே எழுதிக் கொடுக்கிற ஒரு கட்டம் இருந்தா, எந்த மேப்பையும் விட அது மேல்.

அடுத்து வரிசை. இதுலதான் ஓனருக்கும் எனக்கும் முட்டிக்கிச்சு.

டைரக்டரி சாஃப்ட்வேர்ல பெரும்பாலும் கோல்டு, சில்வர், பிளாட்டினம்னு தரம் பிரிச்சு, உசந்த தரத்தை மேல காட்ட வழி இருக்கு. ஓனருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "நிறைய விக்கிறவன் மேல வரட்டும். அவனுக்கும் ஊக்கம், மத்தவனுக்கும் ஒரு வெறி வரும்"னார். அவர் சொல்றதுல அர்த்தம் இல்லாம இல்லை. நிறைய வித்தவருக்கு அனுபவமும் நிறைய இருக்கும். வளர்ற கம்பெனி நல்லா விக்கிறவரைத் தட்டிக் கொடுக்காம எப்படி?

ஆனா விழுப்புரத்துல 200 கடை இருக்கிறவரும் சிதம்பரத்துல 30 கடை இருக்கிறவரும் ஒரே பட்டியல்ல நின்னா, சிதம்பரம்காரன் எப்பவும் கீழதான். கீழ இருக்கிறதால போன் வராது. போன் வராததால 30 எப்பவும் 30. சின்ன ஊர்ல உக்காந்திருக்கிறவன் கண்ணுல படாமலே போயிடுவான். சின்ன ஊர்லேர்ந்தே பெருசா செய்யலாம்னு தென்காசி மத்தளம்பாறையை உதாரணம் காட்டி எல்லாரும் பேசுறோம். நம்ம பட்டியல்ல மட்டும் சின்ன ஊர் கடைசிப் பக்கமா?

"சார், விருது வேற, வழிகாட்டி வேற. விருதை அவர் ஆபீஸ் சுவத்துல மாட்டட்டும். பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன முத்திரையும் போடுவோம். ஆனா வரிசை மட்டும் யார் பக்கத்துல இருக்காங்கங்கிறதை வச்சு இருக்கட்டும்"னேன். ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் "சரி, செய்"னார். அந்தப் பெரியவரோட சாக்குப்பை அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

இப்ப முக்கியமான இடம். செத்த நம்பர்.

பழைய பதிவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நம்ம திரட்டிகள்ல, சைடு பார்ல போட்டு வச்ச நண்பர்கள் பட்டியல்ல இப்ப போய் கிளிக் பண்ணிப் பாருங்க. பத்துக்கு எத்தனை உயிரோட இருக்கு? பட்டியல் போடுறது ஒரு நாள் உற்சாகம். அதைப் பராமரிக்கிறது வருஷம் பூரா வேலை. அதுக்கு ஆள் கிடையாது.

எங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. சிதம்பரம் கோயில் தீட்சிதர்கள் தங்களோட கட்டளைதாரர் குடும்பங்களுக்கு வெளியூருக்கெல்லாம் தபால்ல பிரசாதம் அனுப்புறது ரொம்ப காலமா நடக்கிற வழக்கம். பம்பாய்க்கு மாத்தலாகிப் போனவருக்கும் கவர் போகும். எந்த சாஃப்ட்வேரை வச்சு இதைச் செஞ்சாங்க? ஒரு அட்ரஸ் நோட்டு. அந்த நோட்டுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கார். விலாசம் மாறினா விசாரிச்சுத் திருத்துறது அவர் வேலை. திருத்தலைன்னா தொடர்பு அறுந்து போறதும் அவருக்குத்தான்.

எங்க 41 வரிக்கு அப்படி யாரும் இல்லை. சைட்டு போட்ட பையன் வேற வேலைக்குப் போயிட்டான். விற்பனை ஆளுங்க "அது ஐ.டி. வேலை"ன்னாங்க. நான் "அது விற்பனை வேலை"ன்னேன். நடுவுல மாட்டினது இரும்புக்கடைக்காரர்.

அதனால என்னோட கட்சி இதுதான் மக்களே. டைரக்டரி சாஃப்ட்வேர் வாங்கப் போறவங்க முதல்ல பார்க்க வேண்டியது, புது பார்ட்னரை எவ்ளோ அழகா காட்டுதுங்கிறதை இல்லை, போனவரை எவ்ளோ சீக்கிரம் எடுக்குதுங்கிறதைத்தான். விக்கிறவங்க கிட்ட இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. ஒவ்வொரு பேருக்கும் கீழ "கடைசியா சரிபார்த்த தேதி" காட்ட முடியுமா?

2. 90 நாளைக்கு ஒரு தடவை பார்ட்னருக்குத் தானா சேதி போய், அவர் "இருக்கேன்"னு ஒரு பட்டனை அழுத்தலைன்னா பேர் தானா மறையுமா? அழிக்கக் கூடாது, மறையணும். லீவுல போனவர் திரும்பி வருவார் இல்லையா.

3. பார்ட்னர் தன்னோட நம்பரைத் தானே மொபைல்ல, தமிழ்ல மாத்த முடியுமா? எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் லேப்டாப்பைத் தொடுறதே வாடிக்கையாளர் கடையிலதான்.

4. நாளைக்கு இந்த சாஃப்ட்வேரை விட்டுட்டுப் போகணும்னா மொத்தப் பட்டியலையும் ஒரு சி.எஸ்.வி. ஃபைலா எடுத்துட்டுப் போகலாமா?

கூடவே இன்னொண்ணு. நம்பரை நேரா காட்டுறதா, இல்லை ஒரு படிவம் வச்சு "விவரம் கொடுங்க, நாங்க கூப்பிடுறோம்"னு சொல்றதா? டெமோக்காரங்க எல்லாருமே படிவம்தான் சிறந்ததுன்னாங்க. யார் விசாரிச்சாங்கன்னு கம்பெனிக்குக் கணக்கு கிடைக்கும், அது உண்மை. ஆனா 20-ம் தேதி சாயங்காலம் ரிட்டர்ன் போட முடியாம தவிக்கிற மனுஷனுக்குப் படிவம் எதுக்கு? நம்பர் வேணும். அதுக்காக பார்ட்னரைக் கேக்காம அவரோட சொந்த செல் நம்பரை ஊருக்கே ஒட்டிடவும் கூடாது. 2023-ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமே வந்தாச்சு. சட்டத்தை விடுங்க, ராத்திரி பத்து மணிக்கு லோன் வேணுமான்னு போன் வந்தா நமக்கு எப்படி இருக்கும்? நாங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் எந்த நம்பரைப் போடலாம், எத்தனை மணி வரைக்கும் கூப்பிடலாம்னு எழுதி வாங்கிட்டோம். கேட்டதுக்கே ரெண்டு பேர் சந்தோஷப்பட்டாங்க.

கடைசில எதை வாங்கினோம்? முதல்ல எதையும் வாங்கலை :-) ஒரு மாசம் வெறும் ஷீட். 41 பேருக்கும் நானே போன் பண்ணினேன். 6 நம்பர் தப்பு. 3 பேர் தொழிலையே விட்டுட்டாங்க. பட்டியல்ல இல்லாத ஆள், நம்ம சிதம்பரம் பையனையும் சேர்த்து, 4 பேர். ஒரு மாசம் 41 வரியை ஒழுங்கா வச்சுக்க முடியாத கம்பெனிக்கு எந்த டாலர் சாஃப்ட்வேரும் உதவாது. அதே தப்பு நம்பரைத்தான் இன்னும் பளபளன்னு காட்டும்.

அப்புறம் வேர்ட்பிரஸ், ஒரு ப்ளக்-இன். மேப்புக்குக் காசு கேக்காத ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். ஒவ்வொரு ஊருக்கும் தனிப் பக்கம். கூகிள்ல "சிதம்பரம்"னு சேர்த்துத் தேடினா அந்தப் பக்கம் கண்ணுல படணுமே, அதுக்கு. பட்டியலுக்குப் பொறுப்பு விற்பனைப் பிரிவுல ஒருத்தர், பேர் போட்டு எழுதியாச்சு. ஐ.டி. கை வைக்காது.

பெரிய சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம்னு நான் சொல்லலை. பார்ட்னர் 41 இருக்கிறது 400 ஆகி, ஒரே கடையை ரெண்டு பேர் நான் பிடிச்சேன் நான் பிடிச்சேன்னு சண்டை போட்டு, கமிஷன் கணக்கு எக்ஸெல்ல சிக்கிக்கிச்சுன்னா அன்னிக்கு அது வேணும். அந்த சண்டையைத் தீர்க்கத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. வெறும் நம்பர் காட்டுறதுக்கு அதை வாங்குறது முந்திரிக்கொட்டை உடைக்க பொக்லைன் கூப்பிடுற கதை. பண்ருட்டிக்காரங்க சிரிப்பாங்க.

போன வாரம் சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, அந்தப் பையன் ஆபீஸுக்குள்ள எட்டிப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரிச்சு வச்சிருந்தான். "இரும்புக்கடை ஐயாவோடது சார். காலைல போன் பண்ணினாரு, நானே போய்த் தூக்கிட்டு வந்துட்டேன்"னான். பெட்டிக்குப் பக்கத்துல அதே சாக்குப்பை மடிச்சு வச்சிருந்தது.

டிஸ்கி 1: இந்த மூணு வகையில எதையும் விக்கிறவங்க எனக்குச் சொந்தமும் இல்லை, காசும் கொடுக்கலை. கொடுத்தா பரிசீலிக்கலாம் ;-)

டிஸ்கி 2: உங்க கம்பெனியில பார்ட்னர் பட்டியல் யார் பொறுப்புல இருக்கு? சொல்லிட்டுப் போங்க. "யாருக்கும் தெரியாது"ங்கிற பதிலும் ஏத்துக்கொள்ளப்படும்.